உடைஞ்ச டேப் மாட்டின கம்பி

இப்ப இருக்கற மேனேஜர் போன வாரம் போன் பண்ணாரு. "புதுசா பத்து பேரு சேந்திருக்காங்க. டேப் எப்படிப் பாத்து வாங்கணும், எப்படிப் பாத்து எடுக்கணும்னு ஒரு மணி நேரம் பேசிட்டுப் போங்க"ன்னாரு. வரேன்னேன். மாலை, சால்வைன்னு எதுனா எடுத்துகினு வந்தா அப்படியே ரிட்டர்ன் ஆயிடுவேன்னும் சொன்னேன். அப்படியும் வாங்கி வெச்சிருக்காங்க, பாக்கறேன். அத்த ஓரமா வெச்சிடு நைனா. நான் பேசி முடிச்சப்புறம் உங்களுக்கே அத்த எனக்குப் போடத் தோணாது.

நான் இந்தப் பட்டறை ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னாடி இருபத்தாறு வருஷம் குந்தினவன். சாமான் வாங்கறதும் நான், உள்ள வேலை பாக்கறவங்களுக்கு எடுத்துக் குடுக்கறதும் நான். என்னை "ஸ்டோரு"ன்னுதான் கூப்டுவாங்க. பொறந்து வளந்தது ராயபுரம். ஆபீஸ் ஆளுங்களோட பேசிப் பேசி "இருக்கு"ன்னு சொல்லக் கத்துகினேன். கோவம் வந்தாலோ மனசு கஷ்டமா இருந்தாலோ "கீது"தான் வரும். இன்னிக்கு ரெண்டும் வரும், கண்டுக்காதீங்க.

மொதல்ல கேட்ட பாடத்த முடிச்சிடறேன். டேப்புன்னா இரும்புல போட்ட ஓட்டைக்குள்ள போல்ட்டு புடிக்கறதுக்கு மரை வெட்டற எஃகுக் குச்சி. அத்த வாங்கறப்ப மேல அடிச்சிருக்கற முத்திரையைப் பாக்காதீங்க. முத்திரை எவன் வேணா அடிப்பான். பல்லைப் பாருங்க. எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருக்குதா, நுனியில பிசிறு கீதா, கைப்பிடி மாட்டற தலை ஒழுங்கா சதுரமா இருக்குதான்னு பாருங்க. அப்பால வாங்கினதுல ஒண்ணை எடுத்து கிரைண்டர் கல்லுல வைங்க. நல்ல எஃகுன்னா கஞ்சத்தனமா, மங்கின செவப்புல ரெண்டு பொறி விடும். மட்ட சரக்குன்னா தீபாவளி மத்தாப்பு மாதிரி வெள்ளையா பூத்துக் கொட்டும். பாக்க சோக்கா இருக்கும், அத்த வாங்காதீங்க. கல்லுல வெச்ச ஒண்ணு வீணாப் போவுதேன்னு பாக்காதீங்க, போவட்டும்.

அவ்ளோதான் பாடம். இதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுகினே தப்பு பண்ணேன். அத்த சொல்லத்தான் மாத்தூர்லேந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீறேன்.

ஒம்போது வருஷம் ஆச்சு. எண்ணூர் பக்கத்துலேந்து பெரிய பெரிய பம்புங்க ரிப்பேருக்கு வந்து நம்ம யார்டுல வரிசையா எறங்கிச்சு. ஆறு மாச வேலை. எல்லாத்துலயும் மரை அரிச்சுப் போயிருந்துச்சு, உப்புக் காத்து, கரண்டு தயாரிக்கற எடத்துச் சாம்பத் தண்ணி. பழசை எடுத்துட்டு புதுசா மரை வெட்டணும். ஸ்டோர்ல நல்ல டேப்பு ரெண்டே ரெண்டு செட்டுதான் கெடக்குது. ஓடனேன் பிராட்வேக்கு.

அங்க நாங்க வழக்கமா வாங்கற கடைக்காரரு தூத்துக்குடிப் பக்கம். அண்ணாச்சின்னுதான் கூப்டுவோம். அத்தினி வருஷம் வாங்கியும் அவரு பேரு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. "நல்ல சரக்கு வர மூணு வாரம் ஆவும்யா, பொறுத்துக்கிடும்"ன்னாரு. பின்னாடி ஷெல்ஃப்ல வேற ஒரு டப்பா இருந்துச்சு. "அது இன்னா அண்ணாச்சி?"ன்னேன்.

"அது ஒமக்கு வேண்டாம். கேட்டு, கிரில்லுன்னு சின்ன வேலை பாக்கறவங்களுக்கு வச்சிருக்கேன். பாரம் தொங்குத வேலைக்கு அது ஆவாது."

"முத்திரை அடிச்சிருக்கே."

"நான் கேட்டா எம் பேரக்கூட அடிச்சுக் குடுப்பான்யா. கல்லுல வச்சுப் பாரும், ஒமக்கே தெரியும்."

விக்கற ஆளு வேணாங்கறாரு, வாங்கற நான் குடுங்கறேன். எங்கியாவது இந்தக் கூத்த கேட்டிருக்கீங்களா? நான்தான் வம்பு பண்ணி அந்த டப்பாவை வாங்கியாந்தேன். ஸ்டோர் ஜன்னல்லேந்து கிரைண்டருக்கு பத்து அடி. கல்லுல வெச்சா பொறி பூக்கும். பூத்தா திருப்பிக் குடுக்கணும். குடுத்தா மூணு வாரம் வேலை நிக்கும், நின்னா அப்ப இருந்த மேனேஜர் எம்மேல பாய்வாரு. அதனால வெக்கல. மேனேஜர் முதுகுல தட்டி, "எப்படியாவது கொண்டாந்துடுவான்யா நம்ம ஸ்டோரு"ன்னாரு. எனக்கு குளுகுளுன்னு இருந்துச்சு.

மறுநாளே ஒண்ணு ஒடைஞ்சுது. ஒடைச்சவன் இந்தப் பட்டறையிலேயே பெஸ்ட்டு ஃபிட்டர். வியாசர்பாடிக்காரன், என் தோஸ்து. அவன் பேரைக் கடைசியில சொல்றேன், அதுக்கு ஒரு காரணம் கீது. டேப்பு ஒடைஞ்சா இன்னா ஆவும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது. பாதி ஓட்டைக்குள்ள மாட்டிக்கும். அத்த நோண்டி எடுக்க அரை நாள் போவும், சில சமயம் சாமானே வீணாப் போவும். அவன் பத்தொம்போது வருஷத்துல டேப்பு ஒடைச்சவனே இல்ல. கையில மேல் பாதியைப் புடிச்சுகினு ஜன்னலாண்ட வந்தான்.

"மாமு, இந்த டேப்பு சரியில்ல மாமு. கண்ணாடி மாதிரி ஒடயுது. கல்லுல வெச்சுப் பாத்தியா?"

சுத்திலும் ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொன்னேன். "டேப்பு சரியாதான் கீது. உன் கைதான் சரியில்ல."

அவன் சிரிச்சான். நான் கிண்டல் பண்றேன்னு நெனச்சுகினான்.

நான் கிண்டலோட வுட்டிருந்தா பரவால்ல. அன்னிக்கு சாயங்காலமே ஜன்னலுக்கு மேல ஒரு கம்பி கட்னேன். ஒடைஞ்ச துண்டை நூல்ல கட்டி, அட்டையில ஒடைச்சவன் பேரை எழுதி, அந்தக் கம்பியில மாட்டினேன். பேரு தொங்கினா அவன் அன்னிக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்னு ஒரு சட்டமும் போட்டேன். பசங்களுக்கு ஒரே குஷி. மொதல்ல தொங்கின பேரு அவனோடது. போறவன் வர்றவன்லாம் "இன்னா தலைவா, உனக்கேவா?"ன்னு ஓட்டினான். அவன் டீ வாங்கிக் குடுத்தான், சிரிச்சுகினேதான் குடுத்தான். ஆனா அன்னிலேந்து என்னை மாமுன்னு கூப்டறத வுட்டுட்டான். சார்ன்னான்.

ஒரு மாசத்துல கம்பியில பதினோரு துண்டு தொங்கிச்சு. பதினோரு பேரு கையும் ஒரே மாசத்துல கெட்டுப் போவுமா? கொழந்தைக்குக்கூட தெரியும். ஆனா டேப்பு மேல தப்புன்னா அது எம்மேல தப்பு. கை மேல தப்புன்னா அது அவங்க தப்பு. அந்தக் கம்பியை நான் எதுக்குக் கட்னேன்னு இப்ப உங்களுக்குப் புரியுதா? அப்ப கேட்டிருந்தா "சொம்மா தமாஷுக்கு"ன்னுதான் சொல்லியிருப்பேன். என்னை நானே டபாய்ச்சுகினேன்.

அப்பால திடீர்னு ஒடையறது நின்னுபோச்சு.

இத்த கவனமா கேளுங்க, இது ரொம்ப முக்கியம். பன்னெண்டு மில்லி போல்ட்டுன்னா பத்து புள்ளி ரெண்டு டிரில்லுல ஓட்டை போட்டு அதுல மரை வெட்டணும். ஓட்டையை கொஞ்சம் பெருசா போட்டுட்டா டேப்புக்கு வேலை கம்மி. வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்கும், மட்டமான டேப்புகூட ஒடையாது. ஆனா மரை ஆழமா விழாது, மேலாப்ல கீறினாப்ல இருக்கும். போல்ட்டு போட்டா போவும், முறுக்கினா நிக்கும். பாக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. பாரம் தூக்கினாதான் தெரியும்.

டிரில்லு எல்லாம் எங்கிட்டேந்துதான் போவுது. பத்து புள்ளி ரெண்டு போன மாதிரியே திரும்பி வருது, முனை மழுங்கவே இல்ல. பத்தரை தேஞ்சு வருது. அப்பால பதினொண்ணு தேஞ்சு வருது. நம்ம வேலையில பதினொண்ணுக்கு அவ்ளோ அவசியமே கிடையாது. ஸ்டோர்ல குந்தினு இருக்கறவனுக்கு இதுக்கு அர்த்தம் தெரியாதா? தெரிஞ்சுது. எவனுக்கும் கம்பியில பேரு தொங்க வேணாம், அதனால ஓட்டையைப் பெருசா போடறானுங்கன்னு நல்லாவே தெரிஞ்சுது. என் தோஸ்தும் பதினொண்ணு கேட்டு ஜன்னலாண்ட வந்து நின்னான். என் மூஞ்சியைப் பாக்கல. நானும் அவன் மூஞ்சியைப் பாக்கல. எடுத்துக் குடுத்தேன்.

மூணு மாசம் ஒரு டேப்புகூட ஒடையல. மாச மீட்டிங்ல மேனேஜர் எல்லாரையும் கை தட்ட சொன்னாரு. நான் எந்திரிச்சு நின்னு அந்தக் கம்பியைக் காட்டி பெருமையா சிரிச்சேன். தூ.

ஒரு நாள் மதியம், சாப்பாடு முடிஞ்ச நேரம். ஒரு பம்போட எஃகு மூடியைத் தூக்கி உள்ள மாட்டணும். நாலு ஆளு சேந்தாலும் அசைக்க முடியாத மூடி. அதுல ரெண்டு பக்கமும் வளையம் வெச்ச போல்ட்டு போட்டு, செயின் பிளாக்குல மாட்டித் தூக்குவாங்க. அந்த ரெண்டு ஓட்டைக்கும் என் தோஸ்துதான் காலையில மரை வெட்டினான், பதினொண்ணுல. தூக்கற வேலைக்கு காண்ட்ராக்ட்ல தாஸுன்னு ஒருத்தன் இருந்தான், நெட்டுக்குப்பம். மீன் புடிச்சுகினு இருந்தவன். கழிமுகத்துல மீனு இல்லாமப் போயி எங்க பட்டறைக்கு வந்தவன். நல்லா பாடுவான், செயின் வலிக்கறப்பகூட பாடிகினுதான் வலிப்பான்.

மூடி நெஞ்சு உயரத்துக்கு வந்துச்சு. லேசா ஆடிச்சு. தாஸு அத்த புடிச்சு நிறுத்த ஒரு அடி உள்ள வெச்சான். படக்குனு ஒரு சின்ன சத்தம். பெருசா ஒண்ணும் இல்ல, டீ கிளாஸ் விரிசல் விட்ட மாதிரி. ஒரு பக்கத்து போல்ட்டு புடுங்கிகினு வந்துடுச்சு. மூடி சாய்ஞ்சு அவன் வலது கால் மேல எறங்கிச்சு.

நான் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு பாத்துகினே இருந்தேன். என் தோஸ்துதான் மொதல்ல ஓடினான். கடப்பாறையை உள்ள வுட்டு நெம்பிகினு "தாஸு, தாஸு, தாஸு"ன்னு கத்திகினே இருந்தான். தாஸை வண்டியில ஏத்தி அனுப்பினப்புறம் நான் போயி அந்த போல்ட்டை எடுத்துப் பாத்தேன். மூடியில வெட்டின மரை மொத்தமும் ஸ்பிரிங் மாதிரி அத்த சுத்திகினு வந்திருந்துச்சு. அவ்ளோ மெல்லிசு. நகத்தால உரிச்சு எடுத்தேன்.

தாஸுக்கு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

நாலு நாள் கழிச்சு விசாரணை. மேனேஜர் ரூம்ல அஞ்சாறு பேரு குந்தினு இருந்தாங்க. என் தோஸ்தைக் கேட்டாங்க, "எந்த டிரில்லுல ஓட்டை போட்ட?"

"பதினொண்ணு சார்."

"பத்து புள்ளி ரெண்டுல போடணும்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்குப் போட்ட?"

அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். ரொம்ப நேரம் இல்ல, ஒரு மூச்சு விடற நேரம். கம்பியைப் பத்தி சொல்லுவான், டேப்பைப் பத்தி சொல்லுவான்னு நெனச்சேன். அவன் சொல்லல. "என் தப்பு சார்"ன்னான்.

அப்பால என்னைக் கேட்டாங்க. "ஸ்டோர்லேந்து போன டேப் எல்லாம் தரமானதுதானே?"

"முத்திரை இருக்கு சார்"ன்னேன்.

"கேட்ட டிரில்லைக் குடுத்துடுவீங்களா?"

"கேட்டா குடுக்கறதுதான் சார் என் வேலை"ன்னேன்.

பாருங்க, ரெண்டுமே பொய் இல்ல. ஒரு வார்த்தைகூட பொய் இல்ல. அந்த ரெண்டு பதில்ல அவன் வேலை போச்சு. அன்னிக்கு நான் வாயைத் தொறந்து "டேப்பு மட்டம் சார், வாங்கியாந்தது நான், கம்பி கட்னது நான், டிரில்லு தேயறதப் பாத்துகினு கம்முனு இருந்தது நான்"னு சொல்லியிருந்தா, தாஸு காலு திரும்பி வராது. ஆனா அவனை அப்படி ஒரேடியா தொரத்தி வுட்டிருக்க மாட்டாங்க. எதுக்கு சொல்லலன்னு கேக்கறீங்களா? எனக்கு ரிட்டயர் ஆவ ஏழு வருஷம் இருந்துச்சு. பயந்துகினேன். வேற பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது.

திருவொத்தியூர்லேந்து மணலி வரைக்கும் எல்லாப் பட்டறைக்கும் சேதி போயிடுச்சு. அவனுக்கு ஒரு பட்டப்பேரு வெச்சாங்க, அத்த நான் சொல்ல மாட்டேன். எங்க போயி வேலை கேட்டாலும் அந்தப் பட்டப்பேரு அவனுக்கு முன்னாடி போயி குந்திகினு இருந்துச்சு. அந்த மாதிரி கை, அரத்தைத் தொட்டா அரம் பேசும். அந்தக் கையில லத்தியைக் குடுத்து கொடுங்கையூர்ல ஒரு ஃபிளாட்டு வாசல்ல செக்யூரிட்டியா நிக்க வெச்சுட்டாங்க. குப்பைமேட்டுப் புகையில குந்தினு வர்ற போற காருக்கு கேட்டு தொறந்துகினு கீறான், இன்னிக்கி வரைக்கும்.

அந்தக் கம்பியை விசாரணை நடந்த அன்னிக்கு சாயங்காலமே யாருக்கும் தெரியாம அறுத்தேன். துண்டுங்களை ஸ்கிராப்ல போட்டேன். ஒண்ணை மட்டும் அட்டையோட பையில போட்டுகினு வூட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். நல்ல சரக்கு எப்பவோ வந்திருந்துச்சு. அவரு எடுத்துக் கட்டிக் குடுத்தாரு. வாசல் வரைக்கும் வந்து, "கல்லுல வச்சுப் பாத்துட்டே எடுத்துட்டுப் போரும்"ன்னாரு. அவருக்கும் சேதி போயிருந்துச்சு போல. அதுக்கப்புறம் ஏழு வருஷம், வந்த ஒவ்வொரு டப்பாவுலயும் ஒண்ணை எடுத்து கல்லுல வெச்சேன். பத்து புள்ளி ரெண்டு டிரில்லு மறுபடியும் தேய ஆரம்பிச்சுது. யாரும் என்னை ஒரு கேள்வி கேக்கல.

தாஸைப் பாக்க ஒரு தடவை நெட்டுக்குப்பம் போனேன். படகுங்க நிறுத்தி வெச்சிருக்கற எடத்துல நின்னேன். அவன் ஒரு படகு மேல குந்தி வலை பின்னிகினு இருந்தான், பக்கத்துல ஊனி நடக்கற கட்டை சாத்தியிருந்துச்சு. பாடல. கிட்ட போவ தைரியம் வரல. திரும்பி வந்துட்டேன். எனக்கு முன்னாடி என் தோஸ்து எத்தினியோ ஞாயித்துக்கிழமை அங்க போயி தாஸு கூட குந்திட்டு வந்தான்னு அப்பால கேள்விப்பட்டேன். வேலை போனவன் போனான். வேலையில இருந்தவன் படகாண்டயே நின்னுட்டேன்.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். டேப்பு ஒடைஞ்சா ஆளைத் திட்டறதுக்கு முன்னாடி டேப்பைக் கல்லுல வைங்க. ஸ்டோர்ல குந்தப் போற ரெண்டு பேரும் கேட்டுக்கங்க: ரொம்ப நாளா ஒண்ணுமே ஒடையலன்னாலும் கை தட்டாதீங்க. எந்திரிச்சுப் போயி எந்த டிரில்லு தேயுதுன்னு பாருங்க. மெஷினாண்ட நிக்கப் போறவங்க, டேப்பு ஒடைஞ்சா ஒடைச்சேன்னு வந்து சொல்லுங்க. சொன்னவனைப் பாத்து எவனாவது சிரிச்சான்னா மேனேஜர்கிட்ட போங்க.

மேனேஜர் போன் பண்ணப்புறம் எனக்குத் தூக்கம் வரல. உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி என் தோஸ்துகிட்ட சொல்லணும்னு தோணிச்சு. போன ஞாயித்துக்கிழமை காலையில வியாசர்பாடி போனேன். ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. தலை பூரா நரைச்சுப் போயிருந்தான். "வா சார், குந்து"ன்னான். அவன் பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. ஏதோ லேப்ல வேலை பாக்குதாம்.

எல்லாத்தையும் சொன்னேன். அண்ணாச்சி வேணாம்னு சொன்னது, கல்லுல வெக்காதது, டிரில்லு தேய்மானத்தப் பாத்துகினு கம்முனு இருந்தது, எல்லாத்தையும். பையிலேந்து அந்தத் துண்டை எடுத்து வெச்சேன். அழுதுட்டேன். அவன் அழல. கண்ணாடியை மாட்டிகினு அத்த ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"பாப்பா, இங்க வா"ன்னு பொண்ணைக் கூப்டான். "இந்தப் பல்லைப் பாரு. எது வரைக்கும் தேஞ்சிருக்கு? அடி வரைக்கும். ஓட்டை பெருசா இருந்தா நுனி மட்டும்தான் தேயும். இது பத்து புள்ளி ரெண்டு. அப்பா சரியா போட்ட ஓட்டை."

அந்தப் பொண்ணு அத்த வாங்கிப் பாத்துட்டு என்னைப் பாத்துச்சு.

"பதினொண்ணுல போட்டது எங் கைதான் சார். தாஸு காலுக்கு நானும்தான் பொறுப்பு, அத்த நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்"ன்னான் அவன். "ஆனா ஓட்டையை சரியா போட்டதுக்கு என் பேரை மாட்டின. தப்பா போட்ட மூணு மாசமும் கை தட்டின. அதான் சார் எனக்கு இன்னும் ஆறல."

"பட்டறையில புதுப் பசங்களுக்கு இத்த சொல்லப் போறேன். உன் பேரை சொல்ல மாட்டேன், பயப்படாத"ன்னேன்.

அப்பதான் அவனுக்குக் கோவம் வந்துச்சு. "இன்னாத்துக்கு சொல்ல மாட்ட? அன்னிக்கு எல்லாரும் பாக்கத்தான மாட்டின? இப்பயும் பேரோட சொல்லு சார். இத்த எடுத்துகினு போயி காட்டி சொல்லு"ன்னு துண்டை எங் கையில வெச்சு மூடினான்.

இதோ, மேசை மேல வெச்சிருக்கேன். அட்டையில எழுத்து மங்கிப்போச்சு, ஆனா எழுதினவன் நான்தான், எனக்குப் படிக்கத் தெரியும். து. கௌதமன், ஃபிட்டர். அட்டையில இல்லாதத நான் சொல்றேன்: ஓட்டை பத்து புள்ளி ரெண்டு. ஓட்டை கரெக்ட்டு.